பேரரசரைப் பென்சிலால் அடித்தேன்

எஸ்தோனியா, 1919 பிப்ரவரி

வோருவுக்குத் தெற்கே, ஒரு பள்ளிக்கூடத்தில்
படை நீதிமன்றம் கூடியது.
கரும்பலகையில் பாதிக் கணக்கு அழியாமல் கிடந்தது,
பதினாறை ஏழால் பெருக்க வந்த ஏதோ பிள்ளை
பீரங்கிச் சத்தத்தில் விட்டுப்போனது.
மை உறைந்துவிட்டது.
புட்டியை அக்குளில் வைத்துச் சூடேற்றி எழுதினேன்.
எழுத்தனாகிய எனக்கு வயது இருபத்திரண்டு,
நாட்டுக்கு இன்னும் ஒன்று நிறையவில்லை.

எங்களுக்கென்று சட்டம் இல்லை.
ஜாரின் படைச் சட்டம் ஒன்றுதான் இருந்தது,
முதுகு கிழிந்த புத்தகம்.
மூன்று இரவு விழித்திருந்து
"மாட்சிமை தங்கிய பேரரசர்" என்று வந்த இடமெல்லாம்
பென்சிலால் அடித்தேன்,
மேலே பொடியெழுத்தில் "குடியரசு" என்று போட்டேன்.
தண்டனைகளைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
அவை அப்படியே இருந்தன.

எவால்த் கூஸ்க், பத்தொன்பது வயது,
ஜோடி சேராத இரண்டு பூட்ஸ்.
லேனு சாரிக்கின் குதிரையை
துப்பாக்கி காட்டி ஓட்டிவந்தான்.
பீரங்கி இழுக்கத்தான், என்றான்.
பொய்யில்லை. அந்தக் குதிரை இழுத்த பீரங்கியால்தான்
பாலம் இன்று எங்கள் கையில்.
ஆனால் புத்தகத்தில் "களத்தில் கொள்ளை" என்ற தலைப்பின்கீழ்
ஒரே வரி:
சுட்டுக் கொல்க.

லேனு வந்தாள். முக்காட்டில் பனி உதறவில்லை.
மேசைமேல் மூன்று தாள் வைத்தாள்.
ஒன்று ஜெர்மன்காரர்களுடையது: பசு ஒன்று, முத்திரையோடு.
அடுத்தது செம்படை: கம்புமூட்டை இரண்டு,
சிவப்புப் பென்சிலில் கிறுக்கல் கையெழுத்து.
மூன்றாவது வெற்றுத்தாள்.
"இது உங்களுக்கு.
அவர்கள் காசு தரவில்லை, தரவும் மாட்டார்கள்.
ஆனாலும் எழுதிக் கொடுத்தார்கள்.
நீங்கள் யாரென்று
நான் எதை வைத்துத் தெரிந்துகொள்வது?"

தலைமை வகித்த காப்டன் பிஹ்லாக்
போருக்கு முன் மருந்துக்கடை வைத்திருந்தவர்,
விஷத்தை அரிசியெடை அளவில் நிறுத்துக் கொடுத்தவர்.
வெகுநேரம் கண்ணாடியைத் துடைத்தார்.
பிறகு எழுந்து தீர்ப்பை வாசித்தார்:
"மாட்சிமை தங்கிய பேரரசரின் பெயரால்..."

நான் தவறவிட்ட ஒரே இடம்.

யாரும் சிரிக்கவில்லை.
எவால்த் தலை நிமிர்ந்து பார்த்தான்,
யார் பெயரால் சாகப்போகிறோம் என்று
கேட்பவனைப் போல.
காப்டன் என்னிடம் கை நீட்டினார். பென்சில் கொடுத்தேன்.
பேரரசரை அடித்தார்.
பென்சில் கையில் இருந்ததால்தானோ என்னவோ
அடுத்த வரியையும் அடித்தார்.
அதற்கு அவருக்கு அதிகாரம் உண்டா என்று
எனக்கு இன்றுவரை தெரியாது.
ஓரத்தில் எழுதினார்:
நான்கு மாதம் கடுங்காவல், சம்பளம் லேனு சாரிக்குக்கு.

படைக்கு எதற்குத் தனிச் சட்டம் என்று
பின்னாளில் என்னைக் கேட்டவர்கள் உண்டு.
ஓடுகிறவனைப் பிடிக்க, என்று அவர்களே பதிலும் சொல்வார்கள்.
அதுவும்தான்.
ஒருவன் திரும்பினால் பக்கத்தில் நிற்பவனின் விலா திறந்துவிடும்.
ஆனால் தோற்று ஓடிய வாரங்களில்
அந்தப் புத்தகத்தை நான் அதிகம் புரட்டியதில்லை.
வென்று முன்னேறிய நாட்களில்தான்,
ஒவ்வொரு கதவாகத் தட்டாமல் திறந்த நாட்களில்தான்
அது என் பையில் கனத்தது.

வெற்றுத்தாளை என்பக்கம் தள்ளினார் காப்டன்.
எழுதினேன்: குதிரை ஒன்று, சாம்பல் நிறம், ஆண்.
எங்களுக்கு முத்திரையும் இல்லை.
காப்டன் தன் கட்டைவிரலை மையில் தோய்த்து அழுத்தினார்.

லேனு தாளை வெளிச்சத்தில் பிடித்து
உதடசைத்துப் படித்தாள். திருப்பிக் கொடுத்தாள்.
"பெயர் போடவில்லையே.
ஹால் என்று பெயர்."

மை மறுபடி உறைந்திருந்தது.
புட்டியை அக்குளுக்குள் வைத்துக்கொண்டேன்.
அவள் நின்றாள், நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம்.